கடல் கடக்கும் பொட்டலமும் நம் அமானிதமும்





வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் ஊரிலிருந்து வரும் உணவுப் பொருளுக்கு என்றுமே தனி மதிப்பு உண்டு. கீழக்கரைத் தொதல், காயல்பட்டினத்துத் தம்மடை, ஆம்பூர் பக்குவத்துப் பிரியாணி மசாலா, நோன்புக் கஞ்சிக்கான மாவு, மாங்காய் ஊறுகாய், நன்னாரி சர்பத் என்று அந்தப் பட்டியல் நீளும். உறவினருக்காக அன்போடு கட்டிக்கொடுத்த இப்பொருட்கள் இப்போது வணிகமாக வளர்ந்து வருகின்றன. வீட்டிலிருந்தே மசாலா அரைத்து விற்கும் சகோதரிகள் அயல்நாட்டு ஆர்டர்களை எதிர்பார்க்கின்றனர். பல்லாண்டு உழைப்புக்குப் பின் ஊர் திரும்பிய சகோதரர்கள், சேமித்த பணத்தை உணவு ஏற்றுமதியில் முதலீடு செய்ய விரும்புகின்றனர். 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய – ஐக்கிய அரபு அமீரகப் பொருளாதார ஒப்பந்தம் பல பொருட்களுக்குச் சுங்க வரியைக் குறைத்திருப்பதும் அவர்களுக்கு ஊக்கம் தருகிறது.

இம்முயற்சிகளை நாம் மனமார வரவேற்கிறோம். கடல் வணிகம் நமக்குப் புதிதன்று. மரைக்காயர்களின் பாய்மரக் கப்பல்கள் இலங்கைக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் சென்ற காலம் முதல், வணிகமும் மார்க்கமும் நம் மக்களோடு ஒன்றாகவே பயணம் செய்திருக்கின்றன. ஆயினும் இத்தொழிலில் இறங்குவோரிடையே ஓர் எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. பொருள் நன்றாக இருந்தால் போதும், லேபிள், பரிசோதனை, சான்றிதழ் ஆகியவையெல்லாம் அயல்நாட்டு அதிகாரிகள் வைத்த முட்டுக்கட்டைகள், எப்படியாவது அவற்றைக் கடந்துவிட வேண்டும் என்பதே அவ்வெண்ணம். அது தவறு என்பதும், அந்த ஆவணங்கள் கேட்பவற்றில் பெரும்பகுதியை நம் மார்க்கம் முன்பே நம்மிடம் கேட்டுவிட்டது என்பதும் நம் கருத்து.

குவியலுக்குள் நுழைந்த கை

மதீனாவின் சந்தையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நாம் அனைவரும் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வணிகர் தானியத்தில் மண்ணைக் கலக்கவில்லை, நீரை ஊற்றவுமில்லை. அதை நனைத்தது மழை. அவர் மீது வந்த குற்றம், உள்ள நிலையை வாங்குவோரின் கண்ணுக்கு மறைத்ததுதான். குறையுள்ள பொருளை விற்பதை மார்க்கம் முற்றாகத் தடுக்கவில்லை. அக்குறையைச் சொல்லாமல் விற்பதையே தடுக்கிறது.

இப்போது நம் பொட்டலத்துக்கு வருவோம். உள்ளூரில் வாங்குபவர் நம் கடைக்கு வருகிறார், முகர்ந்து பார்க்கிறார், ஒரு விள்ளல் சுவைத்துப் பார்க்கிறார். குறை இருந்தால் மறுநாள் வந்து கேட்கிறார். ஷார்ஜாவிலோ ரியாதிலோ உள்ள கடையில் அதே பொருளை எடுப்பவருக்கு இவற்றில் எதுவும் இயலாது. உறை மூடியிருக்கிறது, செய்தவர் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அவருக்காக அந்தக் கையை நுழைப்பவைதான் ஆய்வகப் பரிசோதனையும் துறைமுகச் சோதனையும். உள்ளே இருப்பதை அவருக்கு மேலே எடுத்துக் காட்டுவது லேபிள். இப்படிப் பார்த்தால், லேபிளில் அச்சிடும் ஒவ்வொரு சொல்லும் நாம் முகமறியாத ஒருவருக்கு அளிக்கும் சாட்சியம் ஆகிறது.

லேபிள் கேட்கும் உண்மைகள்

வளைகுடா நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் தர விதிகளின்படி பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், உட்பொருட்களின் பட்டியல், நிகர எடை, உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, தயாரிப்பாளர் விவரம், உற்பத்தி நாடு ஆகியவை இருக்க வேண்டும். இவை அரபு மொழியில் இருப்பது கட்டாயம். உட்பொருட்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். நிலக்கடலை, எள், பால், கோதுமை போன்ற ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

எடையிலிருந்து தொடங்குவோம். அளவையில் குறை செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே அல்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அதன் 83ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன் அவர்களின் பெயரையே தாங்கியுள்ளது. 500 கிராம் என்று அச்சிட்ட உறையில் 480 கிராம் நிரப்புவது ஏற்றுமதி விதிமீறல் என்பதற்கு முன்பே நமக்கு அது எச்சரிக்கப்பட்ட பாவம்.

அடுத்து, பொருளின் பெயர். எசன்ஸும் சர்க்கரைப் பாகும் நிறமியும் கலந்த பானத்தின் மேல் மாம்பழத்தின் படத்தைப் போட்டு மாம்பழச்சாறு என்று எழுதினால் அது பொய். மாம்பழச் சுவையூட்டிய பானம் என்று எழுதி விற்பதில் எந்த இழிவும் இல்லை.

உட்பொருட்களின் பட்டியலில்தான் நம்மவர் பெரிதும் தயங்குகின்றனர். பரம்பரைப் பக்குவம், ரகசியம் என்கின்றனர். ஆனால் லேபிள் கேட்பது பெயர்களைத்தான். செய்முறையையும் மசாலாக்களின் துல்லியமான விகிதத்தையும் அது கேட்பதில்லை. வறுக்கும் பக்குவம் நம் வீட்டுப் பெண்களிடமே பத்திரமாக இருக்கும்.

பெயரை மறைப்பதால் வரும் ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நம் குருமா மசாலாக்கள் பலவற்றில் கசகசா சேர்க்கப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டங்களின் கீழ் வருகிறது. பிரியாணி மசாலாவில் இடும் சாதிக்காய்க்கும் சவூதி அரேபியாவில் கட்டுப்பாடு உண்டு. உட்பொருள் எழுதப்படாத ஒரு பொட்டலத்தை நம்பிப் பெட்டியில் வைத்துச் செல்லும் இளைஞன் விமான நிலையத்தில் விசாரணைக்கு உள்ளானால் அவனுடைய வேலையும் விசாவும் என்னாகும்? அவனை நம்பியிருக்கும் குடும்பம் என்னாகும்? மசாலா அரைத்தவர் ஊரில் நிம்மதியாக உறங்கலாம். அல்லாஹ்விடம் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒவ்வாமையும் அத்தகையதே. எள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், 2023 ஜனவரி முதல் அமெரிக்கா அதையும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பொருட்களில் சேர்த்துவிட்டது. நல்லெண்ணெயில் தாளித்த நம் ஊறுகாய்க்கு இது நேராகப் பொருந்தும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓர் எண்ணெய், இன்னொரு வீட்டில் ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்தக்கூடியது.

தேதி என்னும் சாட்சியம்

லேபிளில் மிகுதியாகப் பொய் சொல்லப்படும் இடம் தேதி. விற்காமல் தேங்கிய சரக்கின் மீது புதிய தேதியை ஒட்டி அனுப்புவது வெளிப்படையான மோசடி. அதை எவரும் நியாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் அதைவிட நுட்பமான ஒரு தவறு பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் மசாலா உறையைப் பார்த்து, அதில் 12 மாதம் என்று இருப்பதால் தம் உறையிலும் 12 மாதம் என்று அச்சிட்டுக்கொள்வதுதான் அது.

அந்த நிறுவனம் தன் பொருளைச் சோதித்து அக்காலத்தைக் கண்டிருக்கும். அதன் உலர்த்தும் முறையும் உறையின் தன்மையும் வேறு. நம் தொதலில் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் உண்டு. சிக்கலெடுப்பது அதன் இயல்பு. நோன்புக் கஞ்சி மாவில் சிறிது ஈரம் தங்கினாலும் வண்டு விழும், பூஞ்சை பிடிக்கும். ஊறுகாயின் அமிலத்தன்மை குறைந்து அதன் பிஎச் அளவு 4.6ஐத் தாண்டினால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் உயிரைப் பறிக்கும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கும். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில்தான் அறிய முடியும். கிடங்கு, துறைமுகம், வெயிலில் காயும் கண்டெய்னர், மீண்டும் துறைமுகம், பிறகு கடை என்று வாரக்கணக்கில் அப்பொருள் வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சோதித்தறியாமல் அச்சிடும் தேதி, தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சாட்சி சொல்வதற்குச் சமம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர் என்பதை நாம் அறிவோம். குறையுள்ள ஒரு துணியின் குறையைச் சொல்லாமல் அவர்களின் பங்காளி விற்றுவிட்டபோது, வாங்கியவரைக் கண்டறிய இயலாத நிலையில், அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வாங்கியவர் யாரென்று தெரியாத நிலை அந்தப் பேரறிஞரை அவ்வளவு வருத்தியிருக்கிறது. ஏற்றுமதியில் வாங்குபவரை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. பிழை நேர்ந்தால் எவர் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்போம்?

ஹலாலோடு தய்யிபும்

நம் பொருள் ஹலால்தானே, பிறகு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். அல்குர்ஆன் (2:168) பூமியிலுள்ளவற்றை உண்ணுமாறு மனிதர்களை அழைக்கும்போது ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது தூய்மையும் நன்மையும் உடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டாவது சொல்லை விட்டுவிட்டு முதற்சொல்லை மட்டும் உறையில் அச்சிடும் உரிமை நமக்கு இல்லை.

மிளகாய்த் தூள் தன் இயல்பில் ஹலால். அதில் சூடான் எனப்படும் தொழிற்சாலைச் சாயத்தைக் கலந்தால் அது தய்யிப் ஆகுமா? 2005ஆம் ஆண்டு பிரிட்டனில், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்த் தூளில் இச்சாயம் இருந்தது தெரியவந்தபோது, அதைப் பயன்படுத்திய 400க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. 2024 ஏப்ரலில், எத்திலீன் ஆக்ஸைடு என்னும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாயுவின் எச்சம் இருப்பதாகக் கூறி, இரண்டு பெரிய இந்திய நிறுவனங்களின் மசாலாப் பொருட்கள் சிலவற்றின் விற்பனையை ஹாங்காங் நிறுத்தியது. அவற்றுள் ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறுமாறு சிங்கப்பூரும் உத்தரவிட்டது. அதன் பின்னர் அவ்விரு இடங்களுக்கும் செல்லும் மசாலாச் சரக்குகளுக்கு இந்திய நறுமணப் பொருட்கள் வாரியம் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சிலர் செய்த தவறின் சுமை, நேர்மையாகத் தொழில் செய்யும் சிறியோர் அனைவரின் தோளிலும் ஏறியது. நம் மாநிலத்திலேயே ரோடமின்-பி என்னும் சாயத்தின் காரணமாகப் பஞ்சு மிட்டாய் விற்பனை 2024 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது.

சாயம் மனிதன் கலப்பது. மனிதன் கலக்காமலே வருவதும் உண்டு. சரியாகக் காயாத மிளகாயிலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. மிளகாயில் இந்நஞ்சின் மிகக் கொடிய வகை ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மதீனாவின் தானியத்தில் பட்ட மழைபோல இதுவும் நம் கை செய்யாத குறை. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தும் பாராமல் இருந்துவிட்டு, எங்களுக்குத் தெரியாது என்று சொல்வது ஒரு முஃமினுக்கு அழகன்று.

இனிப்புப் பானங்களைப் பொறுத்தவரை, சவூதி அரேபியாவும் அமீரகமும் 2017ஆம் ஆண்டில் சோடா வகைகளுக்கு 50 விழுக்காடு கலால் வரி விதித்தன. பின்னர் சர்க்கரை சேர்த்த பிற பானங்களையும் அவ்வரிக்குள் கொண்டுவந்தன. மக்களின் உடல்நலம் கருதி எடுத்த முடிவு அது. சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடிப்பிடிக்க வேண்டிய நிலையில் இருக்கும் நாம், நம் சர்பத்தில் சர்க்கரையைக் குறைத்து, குறைத்த அளவை உறையில் எழுதுவது வணிகத்துக்கும் நல்லது, மனசாட்சிக்கும் நல்லது.

ஹலால் முத்திரையின் கனம்

ஹலால் என்பதிலும் கவனம் தேவை. நாம் சைவப் பொருள் என்று எண்ணுவதற்குள்ளும் கேள்விக்குரியவை மறைந்திருக்கலாம். சுவையூட்டும் எசன்ஸ்கள் சிலவற்றில் ஆல்கஹால் கரைப்பானாக இருக்கிறது. இ 120 என்னும் சிவப்பு நிறமி ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது. இ 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்பதை உறையைப் பார்த்து அறிய இயலாது. ஆகவே மூலப்பொருளை விற்பவரிடமிருந்தே எழுத்துபூர்வ உறுதியைப் பெற வேண்டும். நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் நண்டையும் கணவாயையும் உண்கின்றனர். ஹனஃபி மத்ஹபில் அவை ஆகுமானவை அல்ல. கடலுணவு மசாலாவில் எந்த உயிரினம் சேர்ந்துள்ளது என்று பெயரிட்டு எழுதிவிட்டால், அவரவர் தத்தம் மத்ஹபின்படி நடந்துகொள்வார்கள். பொதுவாக ஹலால் என்று மட்டும் எழுதினால் ஒரு சாராரை நாம் அறியாமையில் தள்ளுகிறோம்.

சான்றிதழ் பெறுவதிலும் தெளிவு வேண்டும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1997ஆம் ஆண்டிலேயே ஹலால் என்னும் சொல்லைப் பயன்படுத்துவதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மலேசியாவில் ஜாக்கிம் என்னும் அரசுத் துறை ஹலால் சான்றிதழைக் கவனிக்கிறது. இந்தோனேசியா 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டத்தின் மூலம் உணவுக்கும் பானத்துக்கும் ஹலால் சான்றைப் படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. இந்திய அரசும், 15 நாடுகளுக்கு ஹலால் என்று அறிவித்து அனுப்பப்படும் இறைச்சிப் பொருட்களுக்கு 2024 அக்டோபர் 16 முதல் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்று வேண்டும் என்று விதித்துள்ளது. எந்த நாட்டுக்கு அனுப்புகிறோமோ அந்த நாடு ஏற்கும் அமைப்பிடமிருந்து சான்று பெறுவதே முறை. சூப் தூளில் கோழிச்சாறு சேர்ந்தாலே அது விலங்குப் பொருள் விதிகளுக்குள் வந்துவிடக்கூடும் என்பதையும் முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும்.

இணையத்திலிருந்து ஒரு ஹலால் சின்னத்தை எடுத்து உறையில் பதித்துக்கொள்வோரும் உண்டு. நாம் முஸ்லிம்கள், நம் பொருள் ஹலால்தான், இதில் என்ன தவறு என்பது அவர்களின் வாதம். அச்சின்னம் சொல்வது அதுவன்று. ஓர் அமைப்பு வந்து பார்த்து உறுதி செய்தது என்று அது சொல்கிறது. எவரும் பாராதபோது அப்படிச் சொல்வது பொய்ச் சாட்சி. பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் எண்ணப்படுவதை நாம் மறந்துவிடலாகாது.

சிறியோரால் இயலுமா?

இவ்வளவும் கேட்ட பின், வீட்டில் பத்துக் கிலோ மசாலா அரைக்கும் ஒரு சகோதரி, இதெல்லாம் பெரிய முதலாளிகளுக்குத்தான், எங்களால் ஆகுமா என்று கேட்பார். அக்கேள்வி நியாயமானது. ஆய்வகக் கட்டணமும் சான்றிதழ்ச் செலவும் தனியொருவருக்குச் சுமைதான். நேர்மையாக இருக்கப் பணம் வேண்டும் என்றால் ஏழை எங்கே போவார்?

இதற்கு விடை கூட்டு முயற்சியில் இருக்கிறது. ஒரு மஹல்லாவில் பத்து வீடுகள் பத்துப் பெயர்களில் மசாலா விற்பதைவிட, ஒரே பெயரில், ஒரே சமையற்கூடத்தில், ஒரே பக்குவத்தில் செய்தால் பரிசோதனைச் செலவு பத்தாகப் பிரியும். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகம், நிஃப்டெம், உணவுப் பரிசோதனைக்கும் புதிய தொழில்முனைவோரின் பயிற்சிக்கும் வசதிகளைக் கொண்டுள்ளது. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை இணையவழியே 500 ரூபாய்க் கட்டணத்தில் பெறலாம். ஏற்றுமதியாளருக்கு வழிகாட்ட அபீடா, நறுமணப் பொருட்கள் வாரியம் ஆகிய அரசு அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் வாசலுக்குச் செல்ல நாம்தான் தயங்கி நிற்கிறோம்.

சிறு உணவுத் தொழில்களுக்காக 2020ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதமரின் திட்டம் 35 விழுக்காடு மானியத்தை, 10 லட்சம் ரூபாய் உச்சவரம்புடன் அறிவித்தது. ஆனால் அம்மானியம் வங்கிக் கடனோடு பிணைக்கப்பட்டது என்பதால் வட்டியைத் தவிர்க்க விரும்பும் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம். அதே வேளையில், ஒதுங்குவோருக்கு மாற்று வழியைக் காட்டும் கடமை ஜமாஅத்துக்கு உண்டல்லவா? வசதியுள்ளோர் அழகிய கடனாகக் கொடுக்கலாம். லாப நட்டத்தைப் பகிரும் முளாரபா, முஷாரகா முறைகளில் முதலீடு செய்யலாம். ஸகாத் நிதியை இதில் எவ்வாறு பயன்படுத்தலாம், எவ்வாறு பயன்படுத்தலாகாது என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளியலாம். திருமண மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் திரட்டும் ஊர்கள், ஒரு பொதுச் சமையற்கூடத்துக்குத் திரட்ட இயலாதா?

நம்மிடம் வேறொரு செல்வமும் இருக்கிறது. அரபு லேபிளின் மொழிபெயர்ப்பை யாரோ ஒரு தரகரிடம் கொடுத்து, அவர் எழுதியது சரியா தவறா என்று தெரியாமலே அச்சிடுகின்றனர். நம் மதரஸாக்களில் அரபு கற்ற ஆலிம்கள் இருக்கின்றனர். வளைகுடாவில் கடை நடத்தித் திரும்பியவர்கள் இருக்கின்றனர். இருவரும் ஒன்றாக அமர்ந்து அந்த லேபிளைச் சரிபார்த்துக் கொடுத்தால் அதுவும் ஒரு ஸதகா.

எழுதிக்கொள்ளுங்கள்

இன்னுமொன்றைச் சொல்லியாக வேண்டும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. நம் சிறு ஏற்றுமதியாளர் பலர் துபாயிலுள்ள தெரிந்தவர் ஒருவருக்கு, வாய்ச்சொல்லை நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்புகின்றனர். சரக்கு துறைமுகத்தில் நிறுத்தப்பட்டால் நட்டம் யாருக்கு? விற்காமல் காலாவதியானால் யார் பொறுப்பு? பணம் எத்தனை நாளில் வர வேண்டும்? இவை எழுதப்படாதபோது, பணத்தோடு உறவும் முறிகிறது. நமக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பது நம்பிக்கையின் அடையாளமாகத் தோன்றலாம். எழுதச் சொன்னவனோ நம் உள்ளங்களை நம்மைவிட நன்கறிந்தவன்.

வாங்குவோரின் பங்கு

வளைகுடாவில் வாழும் நம் குடும்பங்களுக்கும் இதில் கடமை உண்டு. விலை மலிவு என்பதற்காக, வணிகச் சரக்கைச் சொந்த உபயோகப் பொருள் என்று சொல்லிப் பயணிகளின் பெட்டிகளில் அனுப்பச் சொல்லாதீர்கள். அது அந்நாட்டுச் சட்டத்தை மீறுவது. சுமந்து வருபவரையும் சிக்கலில் ஆழ்த்துவது. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள், எழுதாததைக் கேளுங்கள். நம்மவர் செய்த பொருளில் குறை கண்டால் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதற்கு முன், செய்தவருக்கு நேரில் தெரிவியுங்கள். திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு வாய்ப்பு அளியுங்கள். அவர் திருந்த மறுத்தால், பிறரை எச்சரிப்பது புறம் பேசுவதாகாது.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ளன. உண்மையும் நம்பிக்கையும் உள்ள வணிகர் மறுமையில் நபிமார்களுடனும் உண்மையாளர்களுடனும் ஷஹீதுகளுடனும் இருப்பார் என்ற கருத்து திர்மிதியில் வருகிறது. மிளகாயையும் மல்லியையும் அரைத்து விற்பவருக்கு இத்தகைய தோழமை வாக்களிக்கப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆகவே இத்தொழிலில் இறங்க விரும்பும் சகோதர சகோதரிகளே, தயங்காமல் இறங்குங்கள். உறைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கும் முன் உள்ளிருக்கும் பொருளை ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உட்பொருட்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அறிந்த தேதியை மட்டும் அச்சிடுங்கள். செல்லும் நாட்டின் விதிகளைப் படித்த ஒருவரிடம் கேளுங்கள். இந்த வாரம் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லாவில் இத்தொழில் செய்வோர் நான்கைந்து பேர் கூடிப் பேசினாலே ஒரு தொடக்கம் பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.

ஹலாலான, தூய்மையான வாழ்வாதாரத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. நம் கையால் செய்த உணவை முகமறியாத எவரோ உண்ணும்போது, அது அவருக்கு நலமாகவும் நமக்கு நன்மையாகவும் அமைய அருள்வானாக. ஆமீன்.